மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் செய்திமடலில் "மசோதா கொண்டுவந்தேன்" என்றால் சட்டமாகிவிட்டதா?

இல்லை. அமெரிக்காவில் மாநில உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு அனுப்பும் மடல்களில் இந்த வரி அடிக்கடி வரும், ஆனால் அது முதல் படிதான். பல மசோதாக்கள் சட்டமன்றக் குழுவின் விசாரணையையே தாண்டுவதில்லை. தாண்டினாலும் இரு அவைகளிலும் நிறைவேற வேண்டும் (நெப்ராஸ்காவுக்கு மட்டும் ஒரே அவை). அப்புறம் ஆளுநரிடம் போகும். அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், கிட்டத்தட்ட முதல்வர் மாதிரி. அவர் வீட்டோ செய்தால் (மசோதாவை நிராகரித்தால்) அதை மீறப் பெரும்பாலான மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு போன்ற சிறப்புப் பெரும்பான்மை தேவை.

மடலில் மசோதா எண் இருந்தால் சட்டமன்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாத பெருமைப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மடல் வந்த மாதத்தையும் கவனியுங்கள், கூட்டத்தொடர் முடிந்திருக்கலாம். டெக்சாஸில் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள். அதற்குள் நிறைவேறாத மசோதாவை அடுத்த தொடரில் புதிதாகத்தான் கொண்டுவர வேண்டும்.

பலர் படிக்காமல் விடுவது அலுவலக உதவி பற்றிய பகுதியை. ஓட்டுநர் உரிமம், வேலையின்மைப் படி போன்ற மாநிலத் துறை வேலைகள் இழுத்தடித்தால் உறுப்பினரின் அலுவலகம் விசாரித்துச் சொல்லும். பாஸ்போர்ட், விசா என்றால் அது கூட்டாட்சி அரசு விஷயம், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரிடம் போங்கள்.