இத்தாலியில் பாசிசத்தை எதிர்த்தவர்கள் கம்யூனிஸ்டுகள் மட்டும்தானா? குடியரசுக் கட்சியினர் ஒதுங்கி நின்றது ஏன்?

நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். முதுகலை வரலாறு படித்தபோது இதே பொருளில் நான் எழுதிய ஒப்படைப்பில், 1943 செப்டம்பரில் பாசிச எதிர்ப்புக் கட்சிகள் சேர்ந்து ரோமில் அமைத்த தேசிய விடுதலைக் குழுவில் குடியரசுக் கட்சி சேரவில்லை என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "எதிர்ப்பாளர் அனைவரும் இருந்தனர்" என்று ஓரத்தில் குறித்திருந்தார் எங்கள் பேராசிரியர். மதிப்பெண் போனதை மறந்துவிட்டேன். அந்தக் குறிப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

குழுவில் இருந்தவை ஆறு கட்சிகள். 1895இல் தோன்றிய குடியரசுக் கட்சி அவற்றில் இல்லாததற்குக் காரணம் கோழைத்தனம் அன்று. 1922இல் முசோலினியை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தவர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல். அந்த அரசரோடு சமரசத்துக்கு இடம் வைத்திருந்த அணியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடியரசுச் சிந்தனையாளர் மாஜினியின் வழிவந்த இக்கட்சியினர் சேர மறுத்தார்கள். அந்த மறுப்பைப் போராட்டத்திலிருந்து ஒதுங்கியதாகக் கொள்வது பெரும்பிழை. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், பாசிசத்தை எதிர்த்த இத்தாலியர்களின் கரிபால்டி படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய பச்சார்தி குடியரசுக் கட்சிக்காரர். பின்னர் இத்தாலிக்குள்ளேயே மாஜினியின் பெயரில் அவர்களுடைய படைகள் போரிட்டன.

கம்யூனிஸ்டுகளின் பங்கைக் குறைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உள்நாட்டு எதிர்ப்புப் படைகளில் பெரும்பகுதி அவர்களுடையதுதான். அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தது, 1942இல் பிறந்த செயல் கட்சியின் 'நீதியும் விடுதலையும்' படைகள். அந்தப் பெயர், பாசிச எதிர்ப்பாளர் ரோசெல்லி 1929இல் பாரிசில் தொடங்கிய இயக்கத்தினுடையது. அவரையும் அவருடைய தம்பியையும் 1937இல் பிரான்சில் கொன்றார்கள். முடியாட்சியை அடியோடு வெறுத்த செயல் கட்சி, குழுவுக்குள் இருந்தே அதை எதிர்த்தது. அதன் தலைவர் பாரி 1945இல் ஏறத்தாழ ஆறு மாதம் பிரதமராகவும் இருந்தார். அத்தனை பேரைப் பலிகொடுத்த அக்கட்சிக்கு 1946 ஜூன் 2 தேர்தலில் கிடைத்தவை ஏழே இடங்கள் என்பதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த ஆண்டே அது கலைந்தது. குடியரசுக் கட்சி 23 இடங்களை வென்றது.

அதே நாளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் குடியரசுக்கு ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் வாக்குகளும், முடியாட்சிக்கு 1 கோடியே 7 லட்சம் வாக்குகளும் விழுந்தன. புதிய அரசர் உம்பெர்த்தோ ஜூன் 13 அன்று நாட்டைவிட்டு வெளியேறினார். குடியரசுக் கட்சி ஜூலையிலேயே அமைச்சரவையில் சேர்ந்தது.