ஒஹாயோவுக்குக் குடிபோகலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நானும் மனைவியும் நியூஜெர்சியில் எடிசன் அருகே ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். இரண்டு குழந்தைகள், மூத்தவள் நான்காம் வகுப்பு. நான் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு அனுமதி வந்துவிட்டது. மனைவி, ஹெச்-1பிகாரரின் துணைவருக்குத் தரும் ஹெச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதியை வைத்து மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறார். எங்கள் கைக்கு எட்டும் விலையில் இங்கே வீடு இல்லை. ஒஹாயோவின் தலைநகர் கொலம்பஸில் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடச் சற்றுக் குறைவு.

அங்குள்ள நண்பர், இன்டெல் நிறுவனத்தின் சிப் ஆலை வருகிறது, அந்தப் பக்கம் இப்போதே ஒரு வீடு வாங்கிப் போட்டுவிடு என்கிறார். என்னுடன் பணிபுரிபவர் ஒருவர் ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவர். நாங்களெல்லாம் கிளம்பி வந்த மாநிலத்துக்கா நீ போகிறாய் என்று கேட்கிறார். மாநிலங்களின் வளர்ச்சி விகிதங்களை அட்டவணை போட்டுப் பார்த்தேன். ஒஹாயோவை உள்ளடக்கிய மிட்வெஸ்ட் (நாட்டின் நடு வடக்குப் பகுதி) மாநிலங்கள் பெரும்பாலும் டெக்சாஸுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் வெகு கீழே இருக்கின்றன. வளர்ச்சி குறைந்த மாநிலத்துக்குப் போவது பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு நான் செய்யும் தவறாகிவிடுமா? நீங்கள் அங்கே நெடுங்காலமாக இருப்பவர் என்பதால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் நண்பர் சொல்வதும் உண்மை, யங்ஸ்டவுன்காரர் சொல்வதும் உண்மை. இருவர் வாயிலும் ஒஹாயோ என்ற ஒரே பெயர் வந்தாலும் மனத்தில் இருப்பவை வெவ்வேறு ஊர்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் என்ற எஃகு நிறுவனம் தன் கேம்ப்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை ஊர்க்காரர்கள் இன்றும் கறுப்புத் திங்கள் என்றே சொல்கிறார்கள். 1930இல் 1,70,000 பேர் வாழ்ந்த அந்த நகரத்தில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 60,000 பேர். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவரின் எச்சரிக்கையை மதித்துக் கேளுங்கள். ஒரே முதலாளியை நம்பிய ஊர் என்னவாகும் என்பதை அவர் தெருவிலேயே பார்த்திருக்கிறார்.

ஆனால் அவர் சொல்வதை மாநிலம் முழுமைக்கும் நீட்ட முடியாது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 9,14,808, கொலம்பஸுக்கு 3,75,901. 2020இல் கிளீவ்லாந்துக்கு 3,72,624; கொலம்பஸுக்கு 9,05,748. எழுபது ஆண்டுகளில் இரண்டு நகரங்களும் தங்கள் எண்களை ஏறத்தாழ அப்படியே மாற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் ஆளுநர் ஒருவர், சட்டமன்றம் ஒன்று, இடையிலுள்ள தூரம் இரண்டேகால் மணி நேரக் கார்ப் பயணம். 2010க்கும் 2020க்கும் இடையில் ஒஹாயோவின் மக்கள்தொகை கூடியது 2.3 சதவீதம்தான், அதனால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாநிலத்துக்கு ஓர் இடமும் குறைந்தது. உங்கள் அட்டவணையில் உள்ள மாநில விகிதங்கள் எல்லாம் இப்படி ஏறிய ஊரையும் இறங்கிய ஊரையும் கூட்டி வகுத்து வந்தவை. குடிபோகிறவர் ஒரு மாநிலத்துக்குப் போவதில்லை, ஒரு வட்டாரத்துக்குத்தான் போகிறார்.

நகரத்தின் எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கொலம்பஸ் வளர்ந்ததில் பெரும்பங்கு அதன் எல்லைக்கோடு வளர்ந்ததால் வந்தது. 1950களில் மேயராக இருந்த ஜாக் சென்சன்பிரென்னர், நகரத்தின் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வேண்டுமென்றால் நகரத்தோடு இணைந்துவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்துச் சுற்றியிருந்த நிலங்களைச் சேர்த்துக்கொண்டார். ஏறக்குறைய 40 சதுர மைலாக இருந்த நகரம் இன்று 220 சதுர மைல் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. கிளீவ்லாந்தைச் சூழ்ந்த புறநகர்கள் முன்பே தனித்தனி நகராட்சிகளாகிவிட்டதால் அந்த வழி அதற்கு அடைபட்டுப்போனது. அங்கிருந்து வெளியேறியவர்களில் பலர் சில மைல் தள்ளிப் புறநகரில்தான் குடியேறினார்கள். ஆகவே ஓர் ஊர் வளர்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கோட்டுக்குள் எண்ணிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஓர் ஊரில் குடியிருந்து இன்னோர் ஊரில் வேலைக்குப் போகும் நமக்கு மாநகர வட்டாரம் முழுவதற்குமான கணக்குத்தான் உதவும்.

எதனால் வளர்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். கணக்கெடுப்புத் துறை மிட்வெஸ்ட் என்று வகைப்படுத்தும் 12 மாநிலங்களில் 2010க்கும் 2020க்கும் இடையில் சதவீதக் கணக்கில் மிக வேகமாக மக்கள்தொகை கூடியது வடக்கு டகோட்டாவில்தான். பாக்கன் பாறைப் படிவத்திலிருந்து எடுத்த எண்ணெய்தான் அதற்குப் பெரும் காரணம். 2014 இறுதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, அந்த மாநிலத்தின் வில்லிஸ்டன் நகரத்தில் வானளாவ ஏறியிருந்த வாடகைகளும் சேர்ந்து சரிந்தன. வேலைக்கு வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால் நீங்கள் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

இன்டெலுக்கு வருகிறேன். 2022 ஜனவரியில், கொலம்பஸுக்கு வடகிழக்கே லிக்கிங் கவுன்டியில் 2,000 கோடி டாலர் செலவில் இரண்டு சிப் ஆலைகள் கட்டப்போவதாகவும் 3,000 நிரந்தர வேலைகள் வரும் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. 2025இல் உற்பத்தி தொடங்கும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் அந்தத் தேதியை மாற்றி, முதல் ஆலை 2030இல்தான் முடியும், உற்பத்தி அந்த ஆண்டிலோ 2031லோ தொடங்கும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் கட்டுமான வேகத்தை இன்னும் குறைக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். 161ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க் கிரீன் சேப்பல் சாலைப் பக்கம் நான் அவ்வப்போது சென்று பார்ப்பதுண்டு. ஒரு பக்கம் கிரேன்களும் சாம்பல் நிறக் கான்கிரீட் எழும்பல்களும், எதிர்ப்பக்கம் ஆளுயர மக்காச்சோளம். பண்ணை வீடுகளை இடித்து அகற்றிய ஓரிடத்தில், முன்பு வீட்டு வாசலுக்கு நிழல் தந்த மரங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஆலை வராது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும் என்றுதான் மனதார விரும்புகிறேன். ஆனால் 2022 அறிவிப்பை நம்பி அந்தப் பக்கம் கடன் வாங்கி வீடு வாங்கியவர்களுக்கு அதற்குரிய வேலைகள் இன்னும் கண்ணில் படவில்லை.

விஸ்கான்சினில் இதைவிடக் கசப்பான உதாரணம் ஒன்று உண்டு. 2017இல் ஃபாக்ஸ்கான் அங்கே 1,000 கோடி டாலர் முதலீட்டையும் 13,000 வேலைகளையும் அறிவித்தது. மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் அதற்காகக் குடும்பங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறின. 2021இல் திருத்தி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் முதலீடு 67.2 கோடி டாலராகவும் வேலைகள் 1,454 ஆகவும் சுருங்கின. இப்போது மைக்ரோசாஃப்ட் அதே பகுதியில் தரவு மையங்களைக் கட்டுகிறது. நம் கொலம்பஸைச் சுற்றியும் அமேசான், கூகுள், மெட்டா ஆகியவற்றின் தரவு மையங்கள் நிறைய எழுந்திருக்கின்றன. முதலீட்டுக் கணக்கில் அவை பெரும் தொகையாகத் தெரிந்தாலும், கட்டி முடித்த பிறகு அத்தனை பெரிய கட்டடத்துக்குள் நிரந்தரமாக வேலை செய்பவர்கள் சொற்பம். டாலரில் அளக்கும் வளர்ச்சியும் வேலைகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதைச் சொல்கிறேன். வேலை போனால் ஹெச்-1பியில் இருப்பவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறொரு நிறுவனம் உங்களுக்காக மனுப் போட வேண்டும், அல்லது நீங்கள் வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். என் நண்பர் ஒருவர் மிட்வெஸ்டில் ஒரு சிறிய ஆலை நகரத்தில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தார். வீடு மலிவு, பள்ளி அருமை, அப்போது ஊரும் நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை காலையில் வேலை போயிற்று. நான் பார்க்கப் போனபோது குளிர்பதனப் பெட்டியின் கதவில் நாட்காட்டி ஒன்றை ஒட்டி, கடந்த நாட்களைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார்கள். பதினெட்டு நாட்கள் போயிருந்தன. அவருடைய துறையில் வேலை தரக்கூடிய இன்னொரு நிறுவனம் அந்த ஊரில் இல்லை. வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றாலும், பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்த ஊரின் வளர்ச்சி விகிதம் எவ்வளவாக இருந்தாலும் அவருக்கு அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

ஆகவே உங்கள் அட்டவணையில் இன்னொரு பத்தியைச் சேருங்கள். நீங்கள் குடியிருக்க நினைக்கும் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் உங்களை வேலைக்கு எடுக்கவும் விசாவுக்கு மனுப் போடவும் கூடிய நிறுவனங்கள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். உங்கள் மனைவிக்கும் தனியாக எண்ணுங்கள். அவருடைய ஈஏடி உங்கள் விசாவைச் சார்ந்தே இருப்பதால் உங்கள் வேலை ஆட்டம் கண்டால் அவருடையதும் ஆடும். இந்தக் கணக்கில் கொலம்பஸ் நியூஜெர்சிக்கு ஈடாகாது; அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மிட்வெஸ்டில் பல ஊர்களைவிட நன்றாகவே நிற்கும். மாநில அரசு இங்கே இருக்கிறது. 1870இல் தொடங்கிய ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனைகளும் இருக்கின்றன. நேஷன்வைட் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம், சேஸ் வங்கியின் பெரிய வளாகம், டப்ளின் என்ற புறநகரில் மருந்து வினியோகிக்கும் கார்டினல் ஹெல்த், வடமேற்கே மேரிஸ்வில்லில் 1982 முதல் கார் தயாரிக்கும் ஹோண்டா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொழில்கள் அருகருகே இருக்கின்றன. எஃகு விலை விழுந்தாலும் சிப் ஆலை தாமதமானாலும் இவை அனைத்தும் ஒரே நாளில் ஆட்களைக் குறைக்கப்போவதில்லை. நான் கொலம்பஸை நம்புவதற்குக் காரணம் இதுதான்.

கிரீன் கார்டு விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். புதிய நிறுவனம் பெர்ம் என்ற தொழிலாளர் சான்றிதழ் வேலையையும் ஐ-140ஐயும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பழைய முன்னுரிமைத் தேதி கூடவே வரும். எந்த மாதத்தில் தொடங்குவார்கள் என்பதை வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வளர்ச்சிக்கு உள்ளூர்க்காரர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. நான் இருக்கும் புறநகரில் வீடுகள் பெருகிய வேகத்துக்குப் பள்ளிகள் ஈடுகொடுக்கவில்லை. ஒரு வசந்த காலத்தில் பள்ளி உணவுக்கூடத்துச் சுவரில் புதிய எல்லை வரைபடத்தை ஒட்டினார்கள். எங்கள் தெருவின் நடுவே கோடு ஓடியது. எதிர்வீட்டுப் பெண், என் மகளோடு பாலர் வகுப்பிலிருந்து ஒரே பேருந்தில் போனவள், அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். புதிய பள்ளி கட்டவும் நடத்தவும் பணம் வேண்டும். இங்கே 1976இல் வந்த ஒரு சட்டத்தின்படி, வீட்டு மதிப்பு ஏறும்போது பெரும்பாலான சொத்து வரிகளின் விகிதம் அதற்கேற்பக் குறைக்கப்பட்டுவிடும். அதனால் பள்ளிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுதல் வரி கேட்டு வாக்காளர்களிடம் வந்து நிற்கின்றன. நியூஜெர்சியின் சொத்து வரியைக் கேட்டுப் பழகிய உங்களுக்குத் தொகை பெரிதாகத் தெரியாது. ஆனால் நகராட்சி வருமான வரி உங்களுக்குப் புதிதாக இருக்கும். கொலம்பஸ் நகர எல்லைக்குள் வேலை செய்தால் சம்பளத்தில் 2.5 சதவீதம் நகரத்துக்குப் போகும். நீங்கள் குடியிருக்கும் நகராட்சி தனியாக வரி விதித்தால் அதில் எவ்வளவு கழிவு தருகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். சம்பளக் குறைவோடு இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலை தேடும்போது எந்த மாநிலம் எந்த வேகத்தில் வளர்கிறதோ, அங்கே அவளே போய்க்கொள்வாள். உங்கள் சக ஊழியரும் அதைத்தான் செய்தார். அதுவரை அவளுக்கு வேண்டியது பாதி ஆண்டில் மாற்ற வேண்டியிராத பள்ளியும், 60 நாள் நாட்காட்டி ஒட்டப்படாத வீடும். அவற்றைத் தரக்கூடிய இடமாகக் கொலம்பஸ் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் வேலை நல்லதென்றால் வாருங்கள் என்பதே என் கருத்து. வீடு மட்டும் உடனே வாங்க வேண்டாம். ஓராண்டு வாடகைக்கு இருங்கள். இன்டெல் பக்கத்து மனை முதலீடு என்ற பேச்சை, உங்களுக்கு உபரிப் பணம் சேரும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன், குடும்பத்தோடு ஒருமுறை வந்து பாருங்கள். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது வர வேண்டாம். பிப்ரவரியில், ஒரு வாரமாகச் சூரியன் தலைகாட்டாத நாட்களில் வாருங்கள். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து அந்த அலுவலகத்துக்குக் காரோட்டிப் பாருங்கள். இன்னொரு நாளை உங்கள் மனைவிக்கு விடுங்கள்; அவர் தம் துறையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேரைச் சந்தித்துப் பேசட்டும். விடுதி எடுக்க வேண்டாம், எங்கள் வீட்டு மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்