அரபி வழியாக இங்கிலீஷ்

அன்புள்ள ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். சேலம் கோட்டைப் பக்கம் இருக்கிறேன். மதரஸாவில் ஏழு வருடம் ஓதியவன், சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறில் ஏற்காட்டில் மச்சானுடைய மிளகு, காபித்தூள் கடையில் நிற்பேன். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் இங்கிலீஷில் கேட்டால் வாய் வரமாட்டேன் என்கிறது. அரபு மாணவர்களுக்காகப் போடும் வீடியோக்களைப் பார்த்து, நோட்டில் இங்கிலீஷ் வார்த்தை, எதிரே அரபி அர்த்தம் என்று எழுதி மனப்பாடம் செய்கிறேன். தமிழ் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று என்று மச்சான் சிரிக்கிறார். இது சரியான வழிதானா?

கோட்டை வாசகர்

அன்புள்ள ஹஸ்ரத்,

வ அலைக்குமுஸ்ஸலாம். மச்சான் சிரிக்கட்டும், விடுங்கள். ஓமானில் அரபுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் போகிற வழி சில இடங்களில் தமிழைவிடக் கிட்டம். எல்லா இடத்திலும் இல்லை. எங்கே கிட்டம், எங்கே தூரம் என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பிள்ளைகள் செய்கிற தப்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் செய்கிற தப்பும் சேர்ந்து உங்களிடம் வந்துவிடும்.

ஹர்ஃபு ஜர்ரை, அதாவது இங்கிலீஷில் ப்ரெபொசிஷன் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'கடையில்' என்று பின்னால் ஒட்டுவதை அரபியும் இங்கிலீஷும் முன்னால் வைக்கின்றன: ஃபித் துக்கான், இன் த ஷாப். இஃதமத அலா என்றால் டிபெண்ட் ஆன், இஸ்தமஅ இலா என்றால் லிஸன் டு, அச்சாகப் பொருந்துகிறது இல்லையா? அந்தத் தைரியத்தில் வஸல இலாவைப் பார்த்து அரைவ் டு என்று எழுதினால் போச்சு, அங்கே அட் அல்லது இன் வரவேண்டும். பயப்படுவதற்கு அரபியில் மின், இங்கிலீஷில் ஆஃப். தேடுவதற்கு அங்கே அன், இங்கே ஃபார். அதனால் நோட்டில் ஒற்றை வார்த்தையாக எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள், ஹர்ஃபோடு சேர்த்தே எழுதுங்கள், முடிந்தால் முழு வாக்கியமாக.

அரபியில் சொல்லுக்கு முன்னால் அல் வருகிற இடமெல்லாம் இங்கிலீஷில் த (the) போடாதீர்கள். அல்ஹயாத் என்பதைப் பார்த்து என் மாணவர்கள் 'த லைஃப் இஸ் டிஃபிகல்ட்' என்றுதான் எழுதுவார்கள், பொதுவாகச் சொல்லும்போது வெறும் லைஃப் போதும். பைத் கபீர் என்கிற வரிசையும் வேண்டாம், பெரிய வீடு என்கிற தமிழ் வரிசைதான் இங்கிலீஷுக்குச் சரி. 'அன முதர்ரிஸ்' விஷயத்தில் இரண்டு மொழியும் கைவிட்டுவிடும். அரபியில் முப்ததாவும் கபரும், அதாவது எழுவாயும் பயனிலையும், இருந்தால் வாக்கியம் முடிந்தது, தமிழிலும் 'நான் ஆசிரியர்' போதும். இங்கிலீஷில் நடுவே 'ஆம்' (am) இல்லாமல் நடக்காது.

உச்சரிப்பில் நீங்கள் கொடுத்து வைத்தவர். பேனாவின் ப-வையும் பஸ்ஸின் ப-வையும் பிரித்துச் சொல்ல அந்த வீடியோக்களில் மெனக்கெட்டுப் பாடம் எடுப்பார்கள், காரணம் அரபியில் முதலாவது ஒலி கிடையாது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, தள்ளிவிட்டுப் போங்கள். ஆனால் நம்ம ஆட்களில் பலரும் தடுமாறுகிற திங்க், திஸ் இரண்டின் முதல் ஒலியும் உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது: அலிஃப், பா, தாவுக்கு அடுத்து வருகிற ஸா, அப்புறம் புள்ளி வைத்த தால். தஜ்வீதில், குர்ஆன் ஓதும் முறையில், மக்ரஜ் என்கிற ஒலி பிறக்கும் இடம் பார்த்துப் பழகியதை அப்படியே வையுங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் ஓதியது கிதாபு அரபி, பழைய நூல்களின் அரபி, வீடியோவில் வருவது இன்றைய அரபி. குர்ஆனின் சூரா யூசுஃபில் ஸய்யாரா என்றால் பயணக் கூட்டம், அந்த வீடியோவில் கார். கடையில் தினமும் புழங்குகிற பில் என்ற வார்த்தைக்கு எதிரே ஃபாதூரா என்று எழுதி மனப்பாடம் செய்தால், தெரிந்த வார்த்தையைத் தெரியாத வார்த்தையால் விளக்குகிற கதைதான். பில், பேலன்ஸ், பார்சல் எல்லாம் நம்ம தமிழிலேயே ஓடுகிறது, அவற்றுக்கு அர்த்தமே எழுத வேண்டாம். அகராதி வேண்டுமென்றால் முனீர் பஅல்பகீயின் அல்மவ்ரித் இருக்கிறது, 1967-ல் பெய்ரூட்டில் வந்தது. நல்ல புத்தகம், ஆனால் தடிமன், ஒரு சொல்லுக்கு நாலைந்து அரபிச் சொல் அடுக்கும், இப்போதைக்கு உங்களுக்கு அவசரமில்லை.

இந்தச் சனிக்கிழமை கடையில் வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளை, மிளகு இந்த மலையில் விளைந்ததா, தூளில் சிக்கரி கலந்திருக்கிறதா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், இப்படி அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதி அனுப்புங்கள். அரபியும் தமிழும் எங்கெங்கே உதவும் என்று வரிவரியாகக் குறித்துத் தருகிறேன்.