கை மாறும் மட்டை

அன்புள்ள ஐயா,

வணக்கம். இருபது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறான். பெரிய பல்கலைக்கழகங்களிலேயே இடம் கிடைக்கும் என்கிறார்கள். அவனோ லாக்ராஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிவார்களே, அந்த ஆட்டம்) ஆட வேண்டும் என்று, இரண்டாயிரம் பேர்கூடப் படிக்காத ஒரு கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறான். டிவிஷன் த்ரீ, கல்லூரி விளையாட்டில் மூன்றாவது நிலை. விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தரமாட்டார்கள். அந்த டீம் நிறைய ஜெயிக்கிறதாம். சின்னக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடி ஜெயிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? பணக்கார வெள்ளைக்காரப் பையன்களின் ஆட்டத்தில் நம் பையனுக்கு என்ன வேலை? தலையில் அடிபட்டால் என்ன செய்வது? உங்கள் மகனும் லாக்ராஸ் ஆடியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். அனுப்பலாமா?

ச., நியூ ஜெர்சி

அன்புள்ள ச.,

போன வாரம் கராஜை ஒழித்தபோது மகனின் பழைய மட்டை கையில் கிடைத்தது. வலை விறைத்துப்போய், ஒரு பக்கக் கயிறு இற்றுப்போயிருந்தது. தூக்கிப்போட மனமில்லாமல் சமையலறைக் கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

தலையில் அடிபடுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நான் டாக்டர் இல்லை. பணத்துக்கு வழி உண்டு. டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாதே தவிர, படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி கிடைக்கும். கல்லூரியிலேயே கேட்டுவிடலாம்.

‘வெள்ளைக்காரப் பையன்களின் ஆட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். பணக்காரப் பள்ளிகள் அதை வளைத்துப் போட்டது உண்மை. ஆனால் ஆட்டம் ஹோடெனோஷோனி என்ற வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களுடையது. படைத்தவன் தந்த ஆட்டம் என்பார்கள். பிறந்த ஆண் குழந்தையின் தொட்டிலில் குட்டி மட்டை ஒன்றை வைப்பதும், இறந்தவரோடு அவர் மட்டையைப் புதைப்பதும் அவர்கள் வழக்கம். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட கனடாக்காரர்கள் சங்கம் வைத்தார்கள், விதிகள் எழுதினார்கள், 1880ல் அவர்களையே அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். 2010ல் மான்செஸ்டரில் உலகப் போட்டி நடந்தது. தங்கள் சொந்த பாஸ்போர்ட்டில்தான் பயணம் செய்வோம் என்றது அவர்கள் அணி. பிரிட்டன் உள்ளே விடவில்லை. ஆடாமலேயே திரும்பினார்கள், வேறு பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளவில்லை. இருபது வருடமாக அமெரிக்காவில் இருக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, அடுத்த வரிக்கு வருகிறேன். ‘தங்களுக்குள் ஆடி ஜெயிப்பதில் என்ன பெருமை.’ இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நியூ யார்க் மாநிலத்தில் செனகா ஏரியின் வடகரையில் ஜெனீவா என்று ஓர் ஊர். அதையொட்டி, ஹோடெனோஷோனியில் ஒரு பிரிவான செனகா மக்களின் கனடசாகா என்ற பெரிய ஊர் இருந்தது. 1779ல் அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படை வந்து அதை எரித்தது. அந்த ஜெனீவாவில்தான் ஹோபார்ட் கல்லூரி இருக்கிறது. 1980ல் டிவிஷன் த்ரீக்கென்று தனியாக லாக்ராஸ் சாம்பியன்ஷிப் தொடங்கினார்கள். முதல் ஆண்டே ஹோபார்ட் ஜெயித்தது. 1981லும் ஜெயித்தது. அப்படியே 1991 வரை, விடாமல் பன்னிரண்டு ஆண்டுகள்.

எண்ணிக்கையை விடுங்கள், கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் ஒரு பையன் இருப்பது நான்கு வருடம். 1980ல் முதலாண்டு மாணவனாகக் கோப்பையைத் தொட்டவன் 1983ல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். 1984ல் ஆடிய அணியில் முதல் கோப்பையை வென்றவர் யாருமே இருந்திருக்க முடியாது. 1991ல் ஆடியவர்கள் முதல் கோப்பையின்போது இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் இருந்திருப்பார்கள். அணி முழுசாக இரண்டு முறை மாறிவிட்டது. அப்படியானால் ஜெயித்தது யார்?

கோச் என்பீர்கள். டேவ் யூரிக் பெரிய கோச்தான், முதல் பத்துக் கோப்பைகளும் அவர் காலத்தவை. 1989 சீசனோடு அவர் ஜார்ஜ்டவுனுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த பி. ஜே. ஓஹாராவின் கீழ் 1990லும் 1991லும் அதே ஹோபார்ட் ஜெயித்தது. 1992ல் கோப்பை நாசரேத்துக்குப் போனது, 1993ல் மறுபடி ஹோபார்ட்டுக்கே வந்தது. பையன்கள் மாறினார்கள், கோச் மாறினார். காசு கொடுத்து யாரையும் கட்டிப்போடவும் முடியாது. பிடிக்கவில்லையென்றால் ஒரு பையன் நாளைக்கே மட்டையை வைத்துவிட்டு லைப்ரரிக்குப் போகலாம். அப்படியும் அங்கே என்னவோ ஒன்று கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1995ல் ஹோபார்ட் லாக்ராஸில் மட்டும் டிவிஷன் ஒன்றுக்கு ஏறியது, அங்கே தேசியப் பட்டம் வாங்கவில்லை. மேரிலாண்டின் சாலிஸ்பரி 1994லிருந்து 2023க்குள் பதின்மூன்று பட்டங்கள் வாங்கி, ஹோபார்ட்டின் டிவிஷன் த்ரீ கணக்கைத் தொட்டிருக்கிறது. அங்கே 1989லிருந்து ஜிம் பெர்க்மன் என்ற ஒரே கோச். அது வேறு வழி. எனக்கு ஹோபார்ட்டின் வழிதான் மனதைவிட்டுப் போகவில்லை.

கை மாறுவது எது என்று நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன்.

என் மகனும் இதே மாதிரி ஒரு சின்னக் கல்லூரியில்தான் ஆடினான். ஆடினான் என்று சொல்வதுகூட மிகை. நான்கு வருடத்தில் அவன் களத்தில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு ஆட்டம் தேறாது. மார்ச் மாதக் குளிரில், பாதி உருகிய பனிக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மூன்றாம் வருடம் அவனிடம் கேட்டேவிட்டேன். “உன்னை எறக்கவே மாட்டேங்கிறாங்க, எதுக்குடா அங்க போய் உக்காந்திருக்க?” அவன் பதில் சொல்லவில்லை. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

கடைசி வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டிவரப் போனேன். பயிற்சி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஜிம்மின் பின்சுவர்ப் பக்கம் இவனும் ஒரு முதலாண்டுப் பையனும் மட்டும். இவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்தப் பையனின் மட்டைக்கு வலை கட்டிக்கொண்டிருந்தான். மேல்கயிறு, பிறகு இரண்டு பக்கமும், பிறகு அடி. ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இழுத்தான். பந்தைப் போட்டு, மட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். பந்து பக்கச் சட்டத்துக்குக் கீழே முழுசாக இறங்கிவிட்டால் ரெஃபரி அந்த மட்டையை ஒதுக்கிவிடுவார். இறங்கியிருந்தது. அவிழ்த்தான். மறுபடி முதலிலிருந்து கட்டினான். காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஹாரன் அடிக்கத் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பையன் சுவரில் பந்தை எறிந்து பிடிக்க ஆரம்பித்தான். வலது கையால் ஐம்பது, இடது கையால் ஐம்பது. இடது கையில் தவறவிட்டபோதெல்லாம் இவன் போய் அவன் மேல்கையை இரண்டு விரல்கடை கீழே இறக்கி வைத்தான். பேச்சே இல்லை. திரும்பி வரும்போது கேட்டேன், இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று. ஒரு பெயர் சொன்னான். இவன் சேர்ந்தபோது கடைசி வருடம் படித்தவனாம். அவனும் அதிகம் களம் இறங்காதவன்.

அடுத்த வசந்தத்தில் அந்த இடது கைக்காரப் பையன் களத்தில் இருந்தான். என் மகன் அதற்குள் வேலைக்குப் போய்விட்டான். அலுவலகத்திலிருந்து போன் செய்து அவன் போட்ட கோலைப் பற்றி என்னிடம் கால் மணி நேரம் பேசினான். தன் வேலையைப் பற்றி அவ்வளவு நேரம் அவன் பேசியதே இல்லை.

அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். கல்லூரியின் அளவு, பெருமை, பணம், தலைக்காயம் என்று எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அட்டாக்கா, மிட்ஃபீல்டா, டிஃபென்ஸா, கோல்கீப்பரா? அவனிடம் கேட்டு எழுதுங்கள், ச. அப்புறம் பேசுவோம்.