வெந்நீர் வருகிறது, ஆனால் ரேடியேட்டர்கள் சூடாகவில்லை: மோட்டார் வால்வு முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இங்கிலாந்தில் வெந்நீர்த் தொட்டியுடன் கூடிய வீட்டில் இருப்பதாகவும், குழாயில் வெந்நீர் வந்தாலும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சில்லென்றே கிடப்பதாகவும், பார்க்க வந்த பிளம்பர் வால்வு முழுவதையும் மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சம்மதிக்கும் முன், எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதே கோளாறு எங்கள் வீட்டிலும் வந்தது. மோட்டாரை மட்டும் மாற்றியதில் சரியாகிவிட்டது.

பாய்லரிலிருந்து வரும் சூடான நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும், ரேடியேட்டர்களுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என இரண்டு மோட்டார் வால்வுகள் உள்ள அமைப்பாக இதை எடுத்துக்கொள்கிறேன். அறைத் தெர்மோஸ்டாட் (அறையின் வெப்பநிலையை அமைக்கும் கருவி) சூடு கேட்டதும் வால்வின் பழுப்பு வயரில் 230 வோல்ட் மின்சாரம் வரும். மோட்டார் ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். முழுவதும் திறந்ததும் உள்ளிருக்கும் மைக்ரோ சுவிட்ச் அழுந்தி, சாம்பல் வயரில் எப்போதும் இருக்கும் மின்சாரத்தை ஆரஞ்சு வயர் வழியாகப் பாய்லருக்கும் பம்புக்கும் அனுப்பும். வால்வு திறந்திருக்கும் நேரம் முழுவதும் மோட்டார் மின்சாரத்தோடு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அந்தச் சூட்டிலேயே இருப்பதால்தான் மற்றப் பகுதிகளுக்கு முன்பாக அது எரிந்துபோகிறது.

சோதிப்பதற்கு நேரக்கட்டுப்பாட்டுக் கருவியில் வெந்நீரை நிறுத்திவிட்டு, அறைத் தெர்மோஸ்டாட்டை உயர்த்தி வைத்து, ஒரு நிமிடம் கழித்து வால்வின் பக்கவாட்டில் உள்ள சிறிய நெம்புகோலை விரலால் நகர்த்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தளர்வாக ஆடினால் மோட்டார் வால்வைத் திறந்துவிட்டது என்று பொருள். அப்படியும் பாய்லர் எரியவில்லையென்றால் மைக்ரோ சுவிட்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் இறுக்கம் விரலில் தெரிந்தால் வால்வு திறக்கவில்லை. பழுப்பு வயரில் மின்சாரம் வந்தும் திறக்கவில்லையென்றால் மோட்டார் போயிருக்கும், அல்லது அதன் கீழே வால்வைத் திருப்பும் தண்டு இறுகியிருக்கும். (இதற்கு மாறாக, எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் பாய்லர் ஓடிக்கொண்டே இருந்தால், சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.) வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ குளிரில் இருந்தால், நெம்புகோலைத் தள்ளிப் பள்ளத்தில் மாட்டிவிட்டு, நேரக்கட்டுப்பாட்டுக் கருவியில் வெந்நீரை மீண்டும் போட்டுவிடுங்கள், பாய்லர் ஓடும்வரை ரேடியேட்டர்களும் சூடாகும்.

மூடியைத் திறக்கும் முன் ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நேரக்கட்டுப்பாட்டுக் கருவியை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அப்போதும் சாம்பல் வயரில் மின்சாரம் இருக்கும். மற்ற வால்வு திறந்திருந்தால் ஆரஞ்சு வயரிலும் அதன் வழியாக மின்சாரம் வரும். சுவரில் ஹீட்டிங்குக்கென உள்ள 3 ஆம்பியர் ஃப்யூஸ் சுவிட்சை அணைத்து, ஃப்யூஸையும் வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் சோதித்த பின்பே தொட வேண்டும். இதில் சிறிதளவு தயக்கம் இருந்தாலும் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

அடுத்து, மோட்டாரும் சுவிட்சும் உள்ள மின்பகுதி (தலைப்பகுதி) மட்டும் தனியாகக் கழலுமா என்று பாருங்கள். ஹனிவெல் நிறுவன வால்வுகளில் மூடியின் மேல் சிறிய புடைப்பு இருந்தால், தண்ணீரை வடிக்காமலேயே அந்தத் தலைப்பகுதியைக் கழற்றிவிடலாம். கழற்றியதும் வெளியே தெரியும் தண்டைக் குறடால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால், தண்ணீர் ஓடும் பித்தளை உடலில் குறையில்லை. அதை மாற்றவும் தேவையில்லை. சுவிட்ச் நன்றாக இருந்தால் மோட்டாரை மட்டும் மாற்றுவதே சிக்கனம்: அதற்கு இரண்டே வயர்கள்தாம். சுவிட்சும் பழுதானால் தலைப்பகுதி முழுவதையும் வாங்கிவிடுங்கள். ஆனால் ஐந்து வயர்களும் இணைப்புப் பெட்டியில் எங்கெங்கே இருந்தன என்பதை முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்டு அசையவே இல்லையென்றால்தான் உங்கள் பிளம்பர் சொன்னது சரி. அப்போது தண்ணீரை வடித்து, வால்வு முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். பாய்லரின் எரிவாயுப் பகுதிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களே திறக்காதீர்கள். அதற்கு கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு பெற்றவர்தான் வர வேண்டும்.

வேலை முடிந்ததும் தெர்மோஸ்டாட்டை உயர்த்திப் பாய்லர் எரிகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், வெந்நீர் நிறுத்தத்திலேயே இருக்கும்போது அதைத் தாழ்த்தி, வால்வு மூடிப் பாய்லரும் அணைகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.