கிராம சபையில் நாம் சொன்னதை யார் எழுதுகிறார்கள்?

கேள்வி: மக்கள் நலத் திட்டங்களை வகுப்பதில் சாதாரண மக்களுக்கு உண்மையிலேயே பங்கு உண்டா? வருங்கால ஆட்சிமுறை எப்படி இருக்கும்?

உண்டு. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. கிராம சபையில் தீர்மானங்களை எழுதி வைக்கும் நோட்டில் இருக்கிறது.

எனக்கு வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். ரேஷன் கடைக்கு மூன்று கிலோமீட்டர் போகணும். கார்டில் பேர் உள்ளவர் நேரில் போய் விரல் ரேகை வைக்க வேண்டும் என்று ஆன பிறகு, தனியாக இருக்கும் ஆயாக்கள் பாடு பெரும்பாடானது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போது அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்களே நடந்தார்கள். வேறொருவர் வாங்கிவர எழுதிக் கொடுக்க வழி இருந்தது, ஆனால் அதை எங்கள் ஊரில் யாரும் வந்து சொல்லவில்லை.

2022 ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து, வாரம் இரண்டு நாளாவது எங்கள் ஊரில் பகுதிநேரக் கடை வேண்டும் என்று கேட்டேன். கை தட்டினார்கள். "எழுதிக்கிறோம் தம்பி" என்று பதில் வந்தது. வந்திருந்த எல்லோரும் நோட்டில் கையெழுத்து போட்டோம், நானும் போட்டேன். அக்டோபர் 2-ல் போய், "என்ன ஆச்சு?" என்று கேட்டால் யாருக்கும் நினைவே இல்லை. அப்புறம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த ஆகஸ்ட் தீர்மானங்களின் நகலைக் கேட்டேன். வந்தது. வரவு செலவு, டெங்கு, குடிநீர், பிளாஸ்டிக் என்று எல்லாம் இருந்தது, நாங்கள் கேட்ட கடை மட்டும் இல்லை. கீழே என் கையெழுத்து இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2023 ஜனவரி 26-க்கு முப்பது பெண்கள் வந்தார்கள், பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். தீர்மானத்தை எழுதி, எங்களுக்கு முன்னால் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டோம். அப்போது நடந்த ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். "செவ்வாய், வெள்ளி காலையில்" என்று எழுதப் போனார்கள். ஒரு அக்கா எழுந்து, "காலைல நாங்க வேலைக்குப் பூடுவோம், கடைய தொறந்து வெச்சா யார் வந்து வாங்கறது?" என்றார். அது எனக்கும் தோன்றவில்லை, அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை. "மதியம் மூன்று மணிக்கு மேல்" என்று திருத்தி எழுதினார்கள். நல்ல எண்ணத்தோடு காலையில் கடை திறந்திருந்தாலும் அந்தத் திட்டம் பாதிப் பேருக்குப் பயன்படாமல் போயிருக்கும்.

அந்த ஜனவரித் தீர்மானத்தின் நகலோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தோம், மூன்று தடவை. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது மகளிர் குழுக் கட்டடத்தில் வாரம் இரண்டு நாள், மதியம், கடை திறக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் பொருள் வருகிறது. நல்ல திட்டம். எந்த ஊரில் எந்தக் கிழமை யார் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் அந்தந்த ஊரில் கேட்டு முடிவு செய்தால் இன்னும் நன்றாக நடக்கும்.

முன்கூட்டிக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் பாலாற்றைவிட யார் சொல்ல முடியும்? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டன. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற பொதுநல அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் கொஞ்சமாகவோ முழுசாகவோ பாழானது என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றானது. இன்று நாடு முழுக்க எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது. நம் மாவட்டத்து ஆட்கள் வாங்கிக் கொடுத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் 2025 ஜனவரியில் கூட அதே பாலாற்று மாசு, அதே இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. முப்பத்து நாலு வருடம். ஆலைகளுக்கு இடம் கொடுக்கும்போதே ஆற்றங்கரை விவசாயியைக் கேட்டிருந்தால் அவர் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் பேசியிருப்பார். பெரிய தொழில்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் என்பது 1997-ல்தான் வந்தது.

சரி, வருங்காலம். எல்லாம் ஆப்பில் வந்துவிடும், வீட்டிலிருந்தே மனு போடலாம் என்கிறார்கள். மனு போடுவது லேசாவது நல்லதுதான். ஆனால் மனு என்பது முடிவெடுத்த பிறகு ஒருவர் தனியாகப் போய்க் கேட்பது. முடிவெடுக்கும்போதே கூட இருப்பது வேறு. அதற்கான இடம் ஏற்கனவே இருக்கிறது. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, நகரங்களில் 2022 நவம்பரிலிருந்து பகுதி சபை வந்திருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதி: சபையில் எழுதிய ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அடுத்த சபைக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மாவட்டப் பிரிப்பும் வழக்குகளும் சேர்ந்து, எங்கள் பக்கம் 2016-லிருந்து 2021 அக்டோபர் வரை ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடம், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் கையில் ஊர். அந்தக் காலத்தில் சபைக்கு வராமல் பழகிப்போனவர்களைத் திரும்பக் கூட்டிவர நாங்கள் வீடு வீடாகப் போனோம்.

நீங்களும் தொடங்க நினைத்தால், உங்கள் ஊரில் கடைசியாக நடந்த சபையின் தீர்மான நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் ஸ்டாம்ப் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், நான் எழுதிய மனுவை அப்படியே போடுகிறேன்.