பாப்வாவின் பிடி

அன்புள்ள சார்,

எனக்கு 27 வயது. சென்னையில் ஐடி வேலை. வார இறுதிகளில் கோல்ஃப் ஆடுகிறேன். வேலையை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகலாமா என்று ஒரு யோசனை. வயது கடந்துவிட்டதா? மட்டையை நான் பிடிக்கும் விதம் தவறு, மாற்று என்கிறார் பயிற்சியாளர். மாற்றட்டுமா? ‘பணக்காரர் ஆட்டம், நமக்கு எதற்கு’ என்கிறார் அப்பா. திறமை இருந்தால் போதும், அடிப்பது யார் என்று பந்துக்குத் தெரியாது என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வயது விஷயத்தில் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. பிடியைப் பற்றிச் சொல்லத்தான் பயிற்சியாளருக்குக் காசு கொடுக்கிறீர்கள், அவர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் பந்துக்குத் தெரியாது என்று எழுதினீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். சில நாட்களாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். பந்துக்குத் தெரியாது, சரி. கிளப்புக்கு நன்றாகவே தெரியும்.

பாப்வா செவ்கோலம் என்று ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர், இந்திய வம்சாவளி. எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் ஆடிய பீச்வுட் மைதானத்தில் கேடி, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையில் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பார்கள். பாப்வா அப்படியே தலைகீழ். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் திருத்தவும் ஆள் இல்லை. அந்தப் பிடியோடு ஐரோப்பா போய் 1959இல் டச்சு ஓபனை வென்றார். 1960இல் மறுபடி, 1964இல் இன்னொரு தரம்.

சொந்த ஊரில் என்ன நடந்தது? 1963இல் நேட்டால் ஓபனில் ஆடவிட்டார்கள், ஜெயித்தார். பரிசளிப்பின்போது மழை. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் கட்டடத்துக்குள்ளே, ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். நிறவெறி அரசின் சட்டம் உள்ளே விடாதாம். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்து மானத்தை வாங்கியது.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: ‘கோப்பையைக் கொடுத்துவிட்டார்களே?’ கொடுத்தார்கள். 1965இல் அதே போட்டியில் பாப்வா தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக்கார நட்சத்திரம் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அந்த வருடம் அமெரிக்க ஓபனை வென்று, நான்கு பெரும் போட்டிகளையும் வென்றவர்கள் வரிசையில் சேர்ந்த பிளேயர். அதற்கப்புறம் அரசாங்கம் பாப்வாவைப் போட்டிகளிலிருந்து விலக்கியது, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டது. 1978இல் ஏழையாகவே செத்துப்போனார். திறமை போதும் என்கிற நீங்கள் இவருக்கு என்ன குறை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பணக்காரர் ஆட்டம் என்கிற உங்கள் அப்பா சொல்வதும் பாதிதான் சரி. மைதானம் பணக்காரருடையது. ஆட்டத்தைக் கற்றவர்களில் பலபேர் பை தூக்கியவர்கள். அமெரிக்காவின் பென் ஹோகன் கேடி, அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கேடி. டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர்தான் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர், 1991இல். 2009இல் அதை வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படி வந்தவரே. ஊட்டியில் இருந்த நாட்களில் டீக்கடையில் கேடிகளோடு பேசிக்கொண்டிருப்பேன். காற்று எந்தப் பக்கம், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீன் எங்கே சரிகிறது, எந்த மட்டை எடுக்கவேண்டும் எல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். மெம்பர் அதன்படி அடித்துவிட்டுத் தன் மூளையை மெச்சிக்கொள்வார். அந்தப் பையன்கள் யாரும் திறமை போதும் என்று என்னிடம் சொன்னதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் சொல்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. வார இறுதியில் ஆடுவது வேறு, பிழைப்புக்கு ஆடுவது வேறு, அவ்வளவுதான். போட்டி பொதுவாக நான்கு நாள். இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’, பின்தங்கியவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் விழுந்துவிட்டால் பரிசுப்பணம் கிடையாது. அறை வாடகை, கேடி கூலி, டிக்கெட் செலவு எல்லாம் உங்கள் தலையில். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் லீவு போடுங்கள். ஏதாவது உள்ளூர்ப் போட்டியில் யாராவது ஒரு ஆட்டக்காரரைக் கேட்டு, அவருடைய 14 மட்டைகளையும் வெயிலில் தூக்கிக்கொண்டு நடங்கள். ‘கட்’ ஆகி வெளியேறியவர் ஊருக்குப் போக எந்த ரயில் என்று போனில் தேடும்போது பக்கத்தில் இருங்கள். அப்பாவோடு சண்டை அதற்கப்புறம் போடலாம்.